சர்வரில் ஏறிய சீட்டாட்டம்

தீபாவளி நெருக்கத்திலா அந்த பஸ் டிக்கெட் கம்பெனியின் லினக்ஸ் சர்வர் படுக்க வேண்டும்! "கண்டதையும் இன்ஸ்டால் பண்ணிக் கெடுத்தது இந்த இசக்கியம்மாதான்," என்று முதலாளியிடம் போட்டுக் கொடுத்தார் மேனேஜர் வைத்திலிங்கம். "இல்லேன்னா நிரூபிக்கட்டும். முடியலேன்னா இப்பவே வீட்டுக்குப் போகட்டும்."

கான்ட்ராக்ட் ஊழியர் இசக்கியம்மா முதலாளி முன்னாலேயே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். சர்வரில் இதுவரை என்னென்ன இன்ஸ்டால் ஆனது என்று காட்டும் ஹிஸ்டரி கட்டளையைத் தட்டினாள். தன் பக்கம் இருந்த திரையையே உற்றுப் பார்த்தாள்.

"இருக்கு சார். நேத்து யாரோ சீட்டாட்டம் ஏத்தியிருக்காங்க."

"எப்படி இருக்கும்?" என்று எகிறினார் வைத்திலிங்கம். "ஹிஸ்டரி மொத்தத்தையும் நான் அழிச்சிட்டேனே!"

இசக்கியம்மா திரையை முதலாளி பக்கம் திருப்பினாள்.

"சார் சொல்றதுதான் நிஜம், ஐயா. இதுல ஒண்ணுமே இல்லை."