மாடப்பட்டினத்தை விட்டுப் போனவர்கள்

மாடப்பட்டினத்தின் நகர அதிகாரி சேந்தன், தன் ஐம்பத்தாறாவது வயதில் ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டு போனார்.

ஆசிரியருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. பெயர் பூதியம்மை. பக்கத்துத் துறைமுகமான கயல்துறையில் மாலுமிகளுக்கும் வணிகர்களுக்கும் கணிதமும் வானநூலும் கற்பித்துவந்தார். சிக்கலோடு வருகிறவர்களுக்கு வழி சொல்வார் என்றும் அவருக்குப் பெயர் இருந்தது.

சேந்தனின் சிக்கல் இதுதான். மாடப்பட்டினம் பெரிய ஊர். ஏழு நிலை மாடங்கள், கல் பாவிய தெருக்கள், அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டிய நீண்ட சுவர். கைத்திறன் உள்ளவர்கள் வந்து குடியேறினால் வீடு இலவசம், பத்தாண்டுக்கு வரி கிடையாது என்று மன்னர் முரசு அறைந்து சொல்லியிருந்தார். வந்தார்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடம் இருந்தார்கள். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு கயல்துறைக்குப் போய்விட்டார்கள். கப்பல் தச்சர்கள் போனார்கள், சாயமேற்றுகிறவர்கள் போனார்கள், கடைசியில் அரண்மனை வைத்தியரே போய்விட்டார்.

கயல்துறையிலோ மாடம் ஒன்றுகூட இல்லை. இலவசமாக யாரும் எதுவும் தருவதில்லை. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் வரை சேறு.

காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள் என்று மன்னர் சேந்தனிடம் சொல்லிவிட்டார்.

"இந்த ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது, அம்மா?" என்று கேட்டார் சேந்தன்.

"அதிகாரி ஆவதற்கு முன்னால் என்ன வேலை செய்தீர்கள்?"

"நாழிகை வட்டில் செய்துகொண்டிருந்தேன்."

அடியில் ஊசித் துளை போட்ட செம்புக் கிண்ணம் அது. தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியாக நீர் ஏறி, சரியாக ஒரு நாழிகையில் மூழ்கும்.

"கைக்கு இன்னும் நினைவிருக்கிறதா?"

"தெரியவில்லை. முப்பது வருடமாகிறது."

பட்டு மேலாடையையும் மோதிரத்தையும் தன்னிடம் விட்டுவிடச் சொன்னார் பூதியம்மை. பணியாட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஒரு மாதம் இந்த ஊரில் வட்டில் செய்து பிழைக்க வேண்டும், யார் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

சேந்தன், செம்பு வேலை செய்கிற கன்னார் தெருவின் முனையில் போய் நின்றார். எந்த ஊர், என்ன குலம், யாருடைய ஆள் என்று கேட்பார்கள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார். தாமன் என்ற கன்னார்தான் முதலில் தலை தூக்கிப் பார்த்தவர். உளி கொண்டுவந்திருக்கிறீர்களா, நான் தரட்டுமா என்று மட்டும் அவர் கேட்டார்.

தாமன் தன் பட்டறையிலேயே ஒரு மூலையைக் காட்டினார். கரி நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், துருத்தி பொதுவாக இருக்கட்டும் என்றார்.

சேந்தனின் முதல் வட்டில் தண்ணீரில் சாய்ந்து மூழ்கியது. இரண்டாவதும் அப்படியே. தாமன் அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடிப்பக்கம் ஒரு புறம் தடித்திருக்கிறது என்றார். தன் வேலையை நிறுத்திவிட்டு, எப்படித் தட்ட வேண்டும் என்று ஒரு பகல் முழுக்கக் காட்டிக்கொடுத்தார்.

தாமனும் வட்டில் செய்து விற்கிறவர்தான். சேந்தனுக்கு அது விளங்கவில்லை. நான் நன்றாகச் செய்தால் உங்கள் வியாபாரம்தானே குறையும் என்று கேட்டார்.

"நீங்கள் மோசமாகச் செய்தால் இந்தத் தெருவுக்கே வருகிறவர்கள் குறைவார்கள்" என்றார் தாமன்.

மாலையில் எல்லோரும் துறையோரத்துச் சோற்றுக்கடையில் சாப்பிட்டார்கள். ஒரே பாயில் சேந்தனுக்கு இந்தப் பக்கம் அரபு நாட்டிலிருந்து வந்த ஒரு சோனக மாலுமி, அந்தப் பக்கம் ஒரு வைத்தியர். காய்ச்சல் ஏன் தெற்குக் காற்றோடு வருகிறது என்று இருவருக்கும் வாக்குவாதம். மாலுமி இலையில் சோற்றைக் குவித்து, தான் போய்வந்த தீவுகளை வரைந்து காட்டினார். வைத்தியர் சாப்பிடுவதை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அதே வைத்தியர், தீவுகளிலிருந்து வந்த இன்னொருவரை அழைத்துக்கொண்டு வந்தார். சேந்தனும் பேச்சில் கலந்துகொண்டார். பத்து நாளில், பத்து வருடமாகப் பேசாததையெல்லாம் பேசிவிட்டதுபோல் அவருக்கு இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு நல்ல வட்டில் அமைந்தது. ஆனால் ஒரு தொல்லை. துறையில் விடியலிலிருந்து வட்டில் வைத்து நாழிகை எண்ணி மணி அடிப்பார்கள். அந்த மணியைக் கேட்டுத்தான் மாலுமிகள் கடல்நீர் ஏறும் நேரத்தைக் கணித்து, முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்டுவார்கள். சேந்தனின் வட்டில் அந்த மணியை ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டது. தன்னுடையதுதான் தவறு என்று நினைத்து அவர் இரண்டு புதிய வட்டில்கள் செய்தார். அவையும் முந்தின.

அது பங்குனி மாதம். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்கள். விடியலிலிருந்து உச்சிவேளைக்குப் பதினைந்து நாழிகை. சேந்தன் முற்றத்தில் ஒரு கோல் நட்டு நிழலைப் பார்த்தார். நிழல் மிகக் குறுகியபோது அவருடைய வட்டில் பதினைந்தாம் முறை மூழ்கியது. துறையில் பதினான்காம் மணிதான் அடித்தது.

ஊரின் மணியே பிந்துகிறது. அந்த மாதம் இரண்டு படகுகள் மணல்மேட்டில் தட்டியது ஏன் என்று அவருக்குப் புரிந்தது.

புரிந்தும் அவர் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. வந்து மூன்று வாரமே ஆன அயலூர்க்காரன் ஊர் மணியைத் தவறென்று சொன்னால் என்ன நடக்கும் என்பது, ஓர் அதிகாரியாக அவருக்கு நன்றாகவே தெரியும். மூன்றாம் நாள் தாமனிடம் மட்டும் சொன்னார். தாமன்தான் அவரைத் துறைமன்றத்துக்கு அழைத்துப் போனார். அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்றார்.

சேந்தன் எழுந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. துறைக்காப்பாளர்கள் மூவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் நாளை விடியலில் அளந்து பார்ப்போம் என்றார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் சேந்தனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவர் கொற்றன். எட்டு வருடத்துக்கு முன்னால் மாடப்பட்டினத்தின் தலைமைக் கப்பல் தச்சர். கடலுக்குள் சுவர் எழுப்பினால் ஆறே வருடத்தில் துறை மணலால் மூடிவிடும் என்று மன்னர் அவையில் சொன்னவர். பெரியவர்கள் முன்னால் பேசக் கற்றுக்கொண்டு வா என்று சொல்லி அவரை உட்காரவைத்தவர் சேந்தன். அந்த வாரமே கொற்றன் பதினொரு குடும்பங்களோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னபடியே பிறகு துறையும் மணலால் தூர்ந்துபோயிற்று.

மறுநாள் இரண்டு வட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் மிதக்கவிட்டார்கள். கொற்றனே முழங்காலிட்டு எண்ணினார். உச்சிவேளையில் ஊர் வட்டிலைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். துளையைச் சுற்றி உப்பு படிந்து, துளை சிறுத்திருந்தது. பிற்பகலிலேயே சேந்தனின் வட்டிலை வைத்து மணி அடிக்கத் தொடங்கினார்கள். தென்வாயிலுக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். பாராட்டு என்று வேறு எதுவும் இல்லை.

எல்லோரும் போன பிறகு சேந்தன் கொற்றனிடம் போனார்.

"என்னை அடையாளம் தெரிந்ததா?"

"நீங்கள் எழுந்து நின்றபோதே தெரிந்தது."

"தெரிந்துமா என் பேச்சைக் கேட்டீர்கள்?"

"யார் சொன்னாலும் உப்பு உப்புதானே" என்றார் கொற்றன்.

மாதம் முடிந்து சேந்தன் பூதியம்மையிடம் போனார். நடந்ததைச் சொன்னார். மன்னரிடம் என்ன சொல்வது என்று கேட்டார். பூதியம்மை மோதிரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அதைக் கொற்றனிடம் அல்லவா கேட்க வேண்டும்?"

சேந்தன் கொற்றனிடம் மன்னிப்புக் கேட்டார். ஊருக்குத் திரும்பி வரும்படி வேண்டினார். கொற்றன் மறுத்துவிட்டார். அவருடைய பட்டறை, மகளின் வீடு, நண்பர்கள் எல்லாம் இப்போது கயல்துறையில். ஆனால் சுவரைப் பார்க்கப் பத்து நாள் வருகிறேன் என்றார்.

மாடப்பட்டினத்தின் அவையில் சேந்தன் அவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "எட்டு வருடத்துக்கு முன்னால் இங்கே சரியாகச் சொன்னவர் இவர். இவர் வாயை அடைத்தவன் நான்" என்றார்.

அந்தச் சுவர் மன்னருடைய தந்தையின் பெயரில் நிற்கிறது. சேந்தன் மோதிரத்தை விரலிலிருந்து பாதி கழற்றிவிட்டார். மன்னர் அவரைப் பார்க்காமல் கொற்றனைப் பார்த்து, எந்த இடத்தில் உடைக்க வேண்டும் என்று கேட்டார்.

சுவரை இரண்டு இடத்தில் உடைத்தார்கள். அடுத்த மழைக்குப் பிறகு துறைக்குள் பெரிய கலம் ஒன்று வந்தது.

சேந்தன் மன்னரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுப் பெற்றார். வாரத்தில் ஒரு நாள் யார் வேண்டுமானாலும் மன்றத்தில் எழுந்து பேசலாம், சொன்னதை மறுநாளே அளந்து பார்க்க வேண்டும். முதல் சில மாதங்கள் பெரும் பாடாக இருந்தது. ஒருவர் பக்கத்து வீட்டு மாட்டைப் பற்றி ஒரு நாழிகை பேசினார். ஊருக்கு வந்து நான்கே மாதமான சாயக்காரர் ஒருவர், சேந்தன் வெட்டுவித்த வாய்க்கால் மேட்டை நோக்கிப் போகிறது என்றார். அளந்தார்கள். அவர் சொன்னது சரி. சேந்தனுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் மறுபடி வெட்டச் சொல்லிவிட்டார். அந்தச் சாயக்காரர் இப்போது அதே வாய்க்கால் கரையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருடம் கழித்து சேந்தன் மறுபடி கயல்துறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டார் பூதியம்மை.

கோத்து அணிகிற கண்ணாடி மணிகள் செய்யும் நல்லினி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார் என்றார் சேந்தன். மாடப்பட்டினத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் கைக்கு இணையாக அங்கே யாரும் இல்லை. அவரும் கயல்துறைக்குத்தான் வந்திருக்கிறார். சேந்தன் தடுக்கவில்லை. படகுத்துறை வரை போய் வழியனுப்பினார்.

"இவ்வளவு செய்தும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், அம்மா. நான் எங்கே தவறினேன்?"

"நல்லினி இங்கே வந்தார்" என்றார் பூதியம்மை. "கடல் கடந்து வந்த ஒருவரிடம் நீல நிறம் ஏற்றக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். தங்க இடம் கேட்டார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"எட்டு மாதம் என்றார்."

"அதன் பிறகு ஊருக்கே வந்துவிடுவாரா?" என்று கேட்டார் சேந்தன்.

"உங்கள் ஊரிலிருந்து இங்கே வந்தவர்கள் இருநூறு பேரையாவது எனக்குத் தெரியும், சேந்தரே. எவ்வளவு நாளைக்கு என்று நான் கேட்டதற்குப் பதில் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான்."