கழுத்தில் கோடு விழுந்த காசுகள்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை விசயகண்டன் என்ற அரசன் ஆண்டு வந்தான். சந்தோஷம் வந்தால் வாரிக் கொடுப்பான். கோபம் வந்தால் தலையை வாங்கிவிடுவான். தன் முகம் பொறித்த வெள்ளிக் காசென்றால் அவனுக்கு உயிர்.

ஒருநாள் சிம்மாசனத்தில் அப்படியொரு காசு கிடந்தது. அதிலிருந்த அரசன் முகத்துக்குக் கீழே, கழுத்தில், குறுக்காக ஒரு கோடு. மறுநாள் அவன் உண்ட சோற்றுக்குள் இன்னொன்று. அடுத்தது கோயில் விபூதித் தட்டில். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கோடு. அரசனுக்குத் தூக்கம் போயிற்று. தடவித் தடவி அவன் கழுத்தே சிவந்துவிட்டது.

"நாணயச்சாலைக் கொல்லன் வேலைதான் இது, மகாராஜா," என்றார் கருவூலத் தலைவர் பரிமேலர். அந்த நாணயச்சாலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர அவர் வெகுநாளாக அலைந்துகொண்டிருந்தார். "அச்சிலேயே தங்கள் கழுத்தை அறுத்து வைத்திருக்கிறான். சூனியம்!"

"பொழுது சாய்வதற்குள் அவன் தலையை வெட்டுங்கள்!" என்றான் அரசன்.

கொல்லன் மனைவி செம்பாயி சபைக்கு ஓடிவந்தாள். அவளும் நாணயச்சாலையில் வெள்ளி உருக்குகிறவள். அழவில்லை.

"அந்தக் காசுகளை ஒரு தடவை நான் பார்க்கலாமா, மகாராஜா?"

மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் மெழுகும் பிசைந்த மாவும் கேட்டு வாங்கினாள். மெழுகில் நகத்தால் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் மாவை அழுத்தி எடுத்தாள். மாவில் அந்தக் கோடு மேடாக எழும்பியிருந்தது.

"அச்சில் அறுத்திருந்தால் காசில் இப்படி மேடாகத்தான் வரும். இவற்றிலோ பள்ளமாக இருக்கிறது. அடித்து முடித்த காசில் யாரோ உளி வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் பாருங்கள். உளியை அடித்தபோது காசுக்கு அடியில் இருந்த பொருளின் தடம் பதிந்திருக்கிறது. சின்னச் சின்னத் தாமரை இதழ்." அவள் பரிமேலர் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்கள் கையிலிருக்கும் அந்த வெற்றிலைப் பெட்டியைக் கொஞ்சம் கொடுங்கள்."

பரிமேலரின் பெட்டி மூடியில் தாமரை புடைத்திருந்தது. காசை வைத்தாள். இதழுக்கு இதழ் பொருந்தியது.

"ஊரில் இந்த மாதிரிப் பெட்டி எத்தனையோ பேரிடம் இருக்கிறது!" என்று சீறினார் பரிமேலர்.

அரசன் மெதுவாகத் தன் மடியிலிருந்து இன்னொரு காசை எடுத்தான். "இதையும் பார், அம்மா. இன்று காலை என் தலையணைக்கடியில் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை."

பரிமேலர் முகம் வெளுத்தது. "தலையணையிலா? ஐயோ, அது நானில்லை! நான் வைத்தது மூன்றுதான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சபை முழுக்கக் கேட்டுவிட்டது.

கொல்லனை அந்த நொடியே அவிழ்த்துவிட்டார்கள். அரசன் தன் கைக் காப்பைக் கழற்றிச் செம்பாயிக்குக் கொடுத்தான். பரிமேலரின் பட்டாடையை உருவிக்கொண்டு, அதே கொல்லனிடம் துருத்தி ஊத அனுப்பினான்.

செம்பாயி மட்டும் அந்த நான்காவது காசைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"இதில் கோடு மேடாக இருக்கிறது, மகாராஜா. இது அச்சிலேயே விழுந்தது. யாரும் அறுக்கவில்லை. நாள்பட்ட அச்சு இரும்பு அடி தாங்காமல் தானாக வெடிக்கும்."

"என் கழுத்திலேயேவா?"

"எங்கேயாவது வெடிக்க வேண்டுமே, மகாராஜா."

"சரி. இதை என் தலையணைக்கடியில் வைத்தது யார்?"

"அது காசில் தெரியாது, மகாராஜா," என்று செம்பாயி அதை அவன் கையில் வைத்தாள். அரசன் மறுபடி தன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"புது அச்சில் என் முகம் வேண்டாம்," என்றான் கடைசியில். "மீனைப் போடச் சொல். மீனுக்குக் கழுத்து கிடையாது."