துரையின் மின்சாரமும் அண்டாப் பாயசமும்

மருதங்கோட்டை ராஜா திரிபுவனருக்கு ஏழு பாளையங்கள், ஒரு பெரிய தொந்தி, ஓயாத பசி. பாளையங்கள் ஏழிலும் மின்சாரம் உண்டு. ஒரு பாளையத்து மின்சாரம் எல்லை தாண்டினால் அது ராஜாவின் சட்டத்துக்குள் வந்துவிடும். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தக்கூடாது.

அருவிப்பாளையத்து மாசிலாமணித் துரை அருவியில் மின்சாரம் எடுத்து விற்பவர். பக்கத்துப் பாளையமான நீர்ப்பாடியில் தேரோட்டத்தன்று தமக்கு முதல் மாலை போடவில்லை என்று கோபம். மின்சாரத்தை நிறுத்திவிட்டார். வடபாளையத்திலிருந்து வந்த கொஞ்ச மின்சாரம் போதாமல் நீர்ப்பாடி இருண்டது, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி பேச்சியம்மாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளை எடுத்தாள். மறுநாளே அரண்மனைக்கு வந்து சத்தம் போட்டாள்.

ராஜா வரவழைத்தபோதும் துரை அலட்டிக்கொள்ளவில்லை. "மகாராஜா, என் மின்சாரம் எல்லைக் கம்பம்வரைதான் போகிறது. அங்கே வடபாளையத்து மின்சாரமும் வந்து கலக்கிறது. அதற்கப்பால் நீர்ப்பாடிக்குப் போவது வடபாளையத்துடையது. என்னுடையது தாண்டியதை யாராவது பார்த்தீர்களா?"

"பார்த்தால் ஷாக் அடிக்குமே!" என்றார் ராஜா.

அவைப்புலவர் இருளப்பர் எழுந்தார். "மகாராஜா, மடப்பள்ளியிலிருந்து பாயசம் வரட்டும்."

அண்டா நிறையப் பாயசம் வந்தது. ராஜா நாக்கைச் சப்புக்கொட்டினார். இருளப்பர் ஒரு கரண்டி மொண்டு குடித்தார். கரண்டியை முன்னும் பின்னும் நக்கினார். அப்படியே அண்டாவின் இடது ஓரத்தில் முக்கினார். பிறகு வேறொரு கரண்டியால் வலது ஓரத்தில் மொண்டு துரையிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்கள், துரை."

"சீச்சீ! எச்சில்!"

"என் எச்சில் இடது பக்கம்தானே இருக்கிறது? இந்தப் பக்கம் தாண்டியதைப் பார்த்தீர்களா?"

"பார்க்க வேறு வேண்டுமா? ஒரே அண்டா! ஒரு சொட்டு கலந்தாலும் முழுக்க எச்சில்தானய்யா!"

"ராயசக்காரரே, துரை சொன்னதை அப்படியே தீர்ப்பாக எழுதிக்கொள்ளும்," என்றார் இருளப்பர்.

பேச்சியம்மாள் கைதட்டினாள். ராஜா தொந்தி குலுங்கச் சிரித்தார். "துரையின் மின்சாரம் எல்லை தாண்டுகிறது. இனி அவர் சட்டத்துக்குள். பொழுது சாய்வதற்குள் நீர்ப்பாடியில் விளக்கு எரிய வேண்டும்!"

துரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். ராஜா அண்டாவை ஏக்கத்தோடு பார்த்தார். "எல்லாம் சரி, புலவரே. இவ்வளவு பாயசத்தையும் இப்போது என்ன செய்வது?"

"வெகுமதியாக எனக்கே கொடுத்துவிடுங்கள், மகாராஜா. எச்சில் என்னுடையதுதானே, எனக்கொன்றும் அருவருப்பில்லை."