மேஸ்திரி கேட்ட நேர்வெட்டு

பட்டுக்கோட்டையில் ராயப்பன் மேஸ்திரி வைத்திருந்த மரப்பட்டறையில் மரத்தூள் கூட்டும் வேலை பார்த்து வந்தவள் ஜெய்னம்பு. ஒருநாள் தனக்கும் அறுப்பு வேலை தரச் சொல்லிக் கேட்டாள். மேஸ்திரி ஒரு பிளைவுட் பலகையை எடுத்து அவள் முன்னால் போட்டார்.

“ஜிக்ஸா மெஷினால நூல் பிடிச்ச மாதிரி அறுத்துக் காட்டு. கோணுச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

ஜிக்ஸா பிளேடு தன் இஷ்டத்துக்கு ஓடும் என்பது அவளுக்குத் தெரியும். கழிவில் கிடந்த, ஓரம் நேரான மரக்கட்டை ஒன்றைப் பலகைமேல் வைத்து கிளாம்பால் இறுக்கினாள். மெஷினின் அடித்தகடு அந்த ஓரத்தை ஒட்டியே போகும்படி தள்ளினாள். வெட்டு நேராக வந்தது.

“கட்டையில சாஞ்சுக்கிட்டு அறுக்கறதெல்லாம் ஒரு தொழிலா? கை பேசணும்!” என்றார் மேஸ்திரி.

“சரிதாங்க மேஸ்திரி. உங்க கையால ஒண்ணு அறுத்துக் குடுங்க. நாளையிலேருந்து அதையே கட்டையா வச்சுக்கறேன்.”

பட்டறையே திரும்பிப் பார்த்தது. மறுக்க வழியில்லாமல் மேஸ்திரி கட்டை வைக்காமலே அறுத்தார். அறுத்த ஓரத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். அது பாம்பாய் நெளிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. கேட்டிருக்கவே வேண்டாமோ என்று ஜெய்னம்புவுக்கே சங்கடமாகிவிட்டது.

“நாளையிலேருந்து நீயும் அறு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் மேஸ்திரி. பிறகு அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் அப்படி ஒரு கட்டை போட்டு வை.”