கட்டிக்கொள்ள வராத கேட்சர்

"எல்லாரும் ஓடி வந்தாங்க குரு. நீ மட்டும் வரலை," என்றார் ஒகாபே.

சகுமாவின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார் மனுஷன்.

சகுமா வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பழைய கையுறைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

இவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒரு தொழில்முறை பேஸ்பால் அணி. ஒகாபே அதில் பிட்சர், பந்து வீசுகிறவர். சகுமா கேட்சர். அடிக்கிறவனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருப்பார். நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிடிப்பதோடு இவர் வேலை முடியாது. என்ன பந்து வீச வேண்டும் என்று தொடைக்கு நடுவே விரல் காட்டுவதும் இவர்தான். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு என்றால் வளைகிற பந்து.

சகுமா நாலு வயது இளையவர். ஆனாலும் ஒகாபே அவரை 'குரு' என்றுதான் கூப்பிடுவார். கேலியாகத் தொடங்கியது, போகப் போக நிஜமாகிவிட்டது. ஒன்பது வருஷம் அந்த விரல் சொன்னதைத்தான் இந்தக் கை செய்தது.

அப்புறம் அந்த ஆட்டம்.

அடேயப்பா, என்ன ஆட்டம்! இருபத்தேழு பேர் அடிக்க வந்தார்கள். அடித்துவிட்டு ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் பேஸை ஒருத்தன்கூட மிதிக்கவில்லை. பிட்சருக்கு வாழ்நாளில் ஒரு தடவை அப்படி வாய்த்தாலே போதும், காலத்துக்கும் பெயர் நிற்கும்.

கடைசி ஆளும் வீழ்ந்ததும் கேட்சர் ஓடிப்போய் பிட்சரைக் கட்டிக்கொள்வது வழக்கம். மறுநாள் பத்திரிகையில் வருகிற படமே அதுதான்.

ஆனால் அன்றைய படத்தில் ஒகாபே கையைத் தூக்கிக்கொண்டு தனியாக நிற்கிறார். எதிரே சகுமா மண்டியிட்டுக் குனிந்திருக்கிறார்.

அது சீசனின் கடைசி ஆட்டம். சகுமா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போனார். இனி விளையாடப் போவதில்லை என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. இருவரும் பேசி முப்பத்தொரு வருஷம்.

"வருஷா வருஷம் அந்தப் படத்தைப் போடுறாங்க. பார்க்கிறப்பல்லாம் வயிறு எரியுது. என்மேல பொறாமையா உனக்கு? அடுத்த வாரம் அந்த மைதானத்தையே இடிக்கப் போறாங்க. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

சகுமா துணியை அவிழ்த்து வைத்தார். எழுந்துபோய் அறை நடுவே குந்தினார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. தொடைக்கு நடுவே இரண்டு விரலைக் காட்டினார்.

"வளையுற பந்து," என்றார் ஒகாபே, பழக்கதோஷத்தில்.

"கடைசிப் பந்துக்கு நான் காட்டினது இதுதான்."

"சும்மா இரு. நீ காட்டினது ஒத்தை விரல். வேகப்பந்துதானே போட்டேன்!"

"போட்டீங்க அண்ணே."

சகுமா வலது கையை விரித்து நீட்டினார். கட்டைவிரல் நடுவில் ஒடிந்து கோணலாகத் திரும்பியிருந்தது.

ஒகாபேவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வளைந்து கீழே இறங்கும் என்று காத்திருந்தவனுக்கு, முகத்துக்கு நேரே வேகப்பந்து. வெறுங்கையையும் சேர்த்துக் கொடுத்துப் பிடித்திருக்கிறான். அடிக்கிறவன் தவறவிட்ட கடைசிப் பந்தானாலும், கேட்சர் கோட்டைவிட்டால் அவன் ஓடலாம் என்பது விதி. விட்டிருந்தால் அடிக்க வந்தவன் முதல் பேஸுக்கு ஓடியிருப்பான். எல்லாம் போயிருக்கும்.

"அதனாலதான் ஆட்டத்தை விட்டியா?"

சகுமா தலையாட்டினார்.

"பாவி, ஏன்டா சொல்லலை?"

அழுதுவிட்டார். அறுபத்தாறு வயது மனுஷன், மூக்கு ஒழுக அழுதார்.

"எவ்வளவு நல்ல ஆட்டம் அது! அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்," என்றார் சகுமா. "ஆனா வலியில எழுந்திருக்க முடியலை அண்ணே. நீங்க வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"கேட்சர்தானேடா ஓடி வரணும்? அதுதானே வழக்கம்?"

"நமக்கு நடுவுல பதினெட்டு மீட்டர்தான் அண்ணே. அங்கேயிருந்து இங்கே வரவும் அதே தூரம்தான்."