தக்கை முங்கினால்தான் இழுப்பார்கள்

நாணல் குளத்தில் சிங்காரி என்றொரு ஜிலேபிக் கெண்டை வாழ்ந்தது. அதற்கு வாயும் அதிகம், வாய்க்குள் பிள்ளைகளும் அதிகம்.

வாய்க்குள் பிள்ளைகளா என்று திகைக்காதீர்கள்! ஜிலேபிக் கெண்டை இனத்தில் தாயின் வாய்தான் குஞ்சுகளுக்கு வீடு. ஊர் அமைதியாக இருந்தால் வெளியே வந்து மேயும். ஆபத்து என்றால் தாய், "வீட்டுக்கு வாங்க!" என்று ஒரு குரல் கொடுக்கும். அத்தனையும் ஓடி வந்து வாய்க்குள் புகுந்துகொள்ளும். தாய் வாயை இறுக மூடிக்கொள்ளும்.

நாணல் வேர்களுக்கு நடுவே ஒரு விரால் இருந்தது. சிங்காரியின் குஞ்சுகள் மேல் அதற்கு எப்போதும் ஒரு கண். ஆனால் வாய் மூடிவிட்டால் அதன் பாச்சா பலிக்காது. "இன்னிக்கும் கதவை அடைச்சுட்டாளே, பாவி!" என்று முனகிக்கொண்டே திரும்பிவிடும்.

அந்தக் குளம் தானாக உண்டான குளம் அல்ல. துடுப்பன் என்ற நீர்நாய், ஓடையை மறித்து வெட்டிய குளம். ஆற்றிலிருந்து மீன்களைப் பானை பானையாகக் கொண்டுவந்து விட்டது. விடிந்தால் தவிடு தூவியது.

"என்ன தாராள மனசு! இருந்த இடத்துலயே சோறு!" என்று மீன்கள் துடுப்பனைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். மீனுக்குக் கை ஏது என்று கேட்காதீர்கள். இருந்திருந்தால் கும்பிட்டிருக்கும்.

ஒருநாள் காலையில் தவிடு வரவில்லை. மீன்களுக்கு வயிறு கிள்ளியது. அப்போது ஒரு நரி கரைக்கு வந்து துடுப்பனிடம் ஒரு சட்டித் தேனைக் கொடுத்தது. துடுப்பன் அதன் கையில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்தது. கழி நுனியில் நூல். நூலில் மிதக்க ஒரு தக்கை. நூலின் அடியில் ஒரு முள். முள்ளை மறைத்துத் தினைமாவு உருண்டை.

"அட, இன்னிக்குத் தவிட்டுக்குப் பதிலா மாவு உருண்டையா!" என்றது சிங்காரியின் பக்கத்தில் இருந்த ரோகு. ஆசையாக வாயைத் திறந்தது.

அவ்வளவுதான்! பேசிக்கொண்டிருந்த ரோகு சரேலென்று மேலே போனது. போனது போனதுதான், திரும்பவில்லை.

சிங்காரி வெடுக்கென்று பின்வாங்கியது. தவிடு போட்ட கையா முள்ளையும் போடுகிறது? யார் ஒரு சட்டி தேன் கொடுத்தாலும் நம்மைப் பிடித்துக்கொண்டு போகலாமா? இதற்காகவா வளர்த்தான்? அது விட்ட பெருமூச்சில் குஞ்சுகள் நாலைந்து வாய்க்கு வெளியே வந்து விழுந்தன.

அன்றிலிருந்து மீசையன் என்ற கெளுத்தி அடிமண்ணைவிட்டு மேலே வரவில்லை. "முள்ளு வெச்ச சோறு நமக்கு எதுக்கு? பாசி இருக்கு, பூச்சி இருக்கு. அரை வயிறு நிரம்பினாலும் உயிர் மிஞ்சும்" என்றது.

சிங்காரிக்கு அரை வயிறு போதவில்லை. குஞ்சுகள் வாய்க்குள் இருக்கும் நேரமெல்லாம் அதற்குப் பட்டினி. பிள்ளைகளோடு சேர்த்து இரையை விழுங்க முடியுமா? பசியும் அறிவும் சேர்ந்தால் யாரும் சும்மா இருப்பதில்லை. சிங்காரி ஒரு வேலை செய்தது. தூண்டில் போட வரும் புது ஆட்களுக்குத் துடுப்பன் கரையில் நின்று பாடம் நடத்தும் பாறைக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

"முதல்ல, சத்தம் போடக் கூடாது!" என்று துடுப்பன் சொல்லிக்கொடுத்தது. "உங்க நிழல் தண்ணியில விழக் கூடாது. உருண்டையைச் சின்னதாப் பிடிக்கணும், முள்ளு வெளியே தெரியவே கூடாது. தக்கை மேலே கண்ணு இருக்கட்டும். தக்கை ஆடினா அவசரப்படாதீங்க, மீன் சும்மா மோந்து பாக்குது. தக்கை முங்கி ஒரு பக்கமா நகருதா? அப்ப இழுங்க! தக்கை முங்கினாத்தான் இழுக்கணும். புரியுதா?"

"புரியுது, புரியுது!" என்றன கரையில் இருந்தவை.

தண்ணீருக்குள் சிங்காரிக்கும் நன்றாகவே புரிந்தது.

மறுநாள் ஒரு குரங்கு வந்து தூண்டில் போட்டது. சிங்காரி குஞ்சுகளைப் பாசிக்குள் விட்டுவிட்டு உருண்டையிடம் போனது. வாய் வைத்து விழுங்கவில்லை. ஓரத்தை மட்டும் உதட்டு நுனியால் கிள்ளியது. தக்கை ஆடியது.

"இழுக்கட்டுமா?" என்றது குரங்கு.

"பொறு, பொறு! ஆடத்தானே செய்யுது!" என்றது துடுப்பன்.

சிங்காரி இன்னொரு ஓரத்தைக் கிள்ளியது. தக்கை மறுபடியும் ஆடியது. குரங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. காத்திருந்து காத்திருந்து தூண்டிலைத் தூக்கிப் பார்த்தால் வெறும் முள்!

"ஐயையோ! மாவு எங்கே?" என்று குரங்கு அலறியது. துடுப்பனும் முள்ளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து விழித்தது. அடுத்து வந்த காட்டுப்பன்றிக்கும் அதே கதி. மிளா மானுக்கும் அதே கதி. பாடத்தை ஒழுங்காகக் கேட்டவர்கள் எல்லாரும் வெறும் கையோடு போனார்கள்.

குளமே சிரித்தது. "சிங்காரி அக்கா, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க!" என்று கெண்டைகள் சுற்றி வந்தன.

"ரொம்பச் சுலபம்டி! தக்கையை ஆட விடு, முங்க விடாதே. முங்காத வரைக்கும் ஒருத்தனும் இழுக்க மாட்டான். இது அவங்க சட்டம்!" என்றது சிங்காரி.

மீசையன் மட்டும் சிரிக்கவில்லை. "சட்டம் அவங்களோடது, வாய் உன்னோடது. பிள்ளைக்குட்டிக்காரி நீ. அந்த வாயைக் கொண்டுபோய் முள்ளுக்குப் பக்கத்துல வைக்கிறியே!" என்றது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! போய் மண்ணைத் தின்னு, போ!" என்று சிங்காரி வாலை ஆட்டிவிட்டுப் போனது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. குஞ்சுகளும் சற்று வளர்ந்தன. "அம்மா, எங்களுக்கும் பாடம்!" என்று நச்சரித்தன. தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "வாங்க, இன்னிக்குப் பக்கத்துல இருந்தே பாருங்க!" என்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டது. நாணல் ஓரமாக விராலும் கூடவே நகர்ந்ததைச் சிங்காரி கவனித்தது. கவனித்தும் அலட்டிக்கொள்ளவில்லை. வீடு கூடவே இருக்கும்போது என்ன பயம்?

அன்றைக்குத் தூண்டில் போட வந்தது ஒரு கரடி. அது வந்து சேர்ந்தபோது பாடம் முடிந்திருந்தது. துடுப்பன் தேன்சட்டியைப் பத்திரப்படுத்தக் குகைக்குப் போயிருந்தது. கரடி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கழியைத் தூக்கிக்கொண்டு தொம் தொம் என்று நடந்து வந்தது. குளத்தின் பாதி மேல் அதன் நிழல் விழுந்தது. வாய் ஓயாமல் பாட்டு வேறு! உருண்டையோ எலுமிச்சம்பழ அளவு. அதையும் ஏனோதானோவென்று முள்ளில் அப்பியிருந்தது.

"பாருங்க பிள்ளைங்களா, ஒண்ணுமே தெரியாத கத்துக்குட்டி!" என்று சிங்காரி விழுந்து விழுந்து சிரித்தது. "இவனை ஏமாத்துறது அம்மாவுக்குத் தண்ணி பட்ட பாடு!"

ஒரு குஞ்சு கேட்டது: "அம்மா, இந்த மாமா பாடம் கேட்டாரா?"

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? தக்கை முங்கினாத்தான் இழுப்பாங்க. எத்தனை தடவை சொல்றது?"

சிங்காரி உருண்டையை நெருங்கியது. உதட்டு நுனியால் மெல்ல, மிக மெல்ல, ஓரத்தைக் கிள்ளியது. தக்கை லேசாக ஆடியது.

"மீனு! மீனு!" என்று கரடி கத்தியது. இரண்டு கையாலும் கழியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது!

மாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முள் சிங்காரியின் உதட்டில் பாய்ந்தது. 'முங்கலையே! தக்கை முங்கவே இல்லையே! எப்படி இழுக்கலாம்?' அந்த நேரத்திலும் அதன் மனதில் ஓடியது இதுதான். வலியைவிட அந்த அநியாயம்தான் அதைத் திகைக்கவைத்தது.

குஞ்சுகள் வெலவெலத்துப் போயின. பயம் வந்தால் அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "அம்மா! அம்மா!" என்று முள் மாட்டிய வாயை நோக்கியே எல்லாம் பாய்ந்தன! தாய் மேலே போகப் போக அவையும் மேலே வந்தன. பாதி உள்ளே புகுந்தும்விட்டன.

'வராதீங்க!' என்று சொல்லத்தான் சிங்காரி துடித்தது. முள் குத்திய வாயில் பேச்சு எங்கே வரும்? தண்ணீர் முடிந்து வெளிச்சம் தொடங்கும் இடத்தில், உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரே மூச்சாக ஊதியது. குஞ்சுகள் பிறந்ததிலிருந்து அவற்றை உள்ளே சேர்த்துவைத்த வாய், அன்று முதல்முறையாகப் பிள்ளைகளை வெளியே துப்பியது. சிதறிய குஞ்சுகள் நம்ப முடியாமல் தாயைப் பார்த்தன.

அடுத்த நொடி சிங்காரி காற்றில் தொங்கியது. கரடி வெறியோடு இன்னொரு இழுப்பு இழுத்தது. உதடு கிழிந்தது. சிங்காரி தொப்பென்று குளத்தில் விழுந்தது.

கரையில் துடுப்பன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தது. "அட மடையா! தக்கை முங்குறதுக்கு முந்தி எதுக்குடா இழுத்தே? இப்படி முரட்டுத்தனமா இழுத்தா வாய் கிழிஞ்சுதான் போகும்!"

"முங்கணுமா?" என்றது கரடி, வாயைப் பிளந்துகொண்டு. "எனக்கு யாரும் சொல்லலியே, அண்ணே!"

தண்ணீருக்குள் சிங்காரி அதைக் கேட்டது.

யோசிக்க நேரம் இல்லை. நாணலைப் பிளந்துகொண்டு விரால் வந்தது! சிங்காரி வலியை விழுங்கிக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க!" என்று கதறியது. துப்பிய தாய் கூப்பிட்டதும் குஞ்சுகள் ஒரு கோபமும் வைக்காமல் ஓடி வந்து உள்ளே புகுந்தன. சிங்காரி வாயை மூடியது.

வாய் மூடவில்லை.

கிழிந்த உதடு தொங்கியது. உள்ளே போன குஞ்சுகள் கிழிசல் வழியாக வெளியே வழுக்கி விழுந்தன. விழுந்தவை மறுபடி ஏறின. மறுபடி விழுந்தன. விரால் அவசரப்படவில்லை. விழுந்ததை எல்லாம் பொறுமையாகப் பொறுக்கித் தின்றது. சிங்காரியின் கண்ணெதிரிலேயே தின்றது.

"அடிப்பாவி விராலே!" என்று கத்திக்கொண்டு அடிமண்ணிலிருந்து மீசையன் கிளம்பி வந்தது. தன் துடுப்பு முட்களை விரித்துக்கொண்டு விராலின் முகத்தில் மோதியது. அதனால்தான் கொஞ்சம் குஞ்சுகளாவது மிஞ்சின. விரால் விலகிப் போனது, வயிறு நிறைந்த பிறகு.

மிஞ்சிய குஞ்சுகளில் ஒன்று தாயின் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு, "ஏம்மா கதவைச் சாத்தலை? தம்பிங்க எல்லாம் வெளியே இருந்தாங்களே!" என்று கேட்டது.

ஊருக்கே பாடம் சொன்ன சிங்காரி குஞ்சின் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதது. மீசையன் குஞ்சுகளைத் தன் மீசைக்கடியில் சேர்த்துக்கொண்டு நின்றது.

ஆபத்து முறைப்படிதான் வரும் என்று நம்பி அதன் பக்கத்தில் விளையாடாதே. முறை தெரியாத ஒருவன் வந்தால் போதும், உன் கெட்டிக்காரத்தனம் உன் பிள்ளைகளைக்கூடக் காப்பாற்றாது.