முந்நூற்று நாற்பத்திரண்டு வாளிக் கண்மாய்

இயற்கை வள மேலாண்மை என்று ஒரு படிப்பு உண்டு. ஆறு, குளம், காடு, மலை எல்லாவற்றையும் எப்படிக் காப்பாற்றுவது என்று மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஐந்து வருஷம் படிக்க வேண்டும். நம்பாதவர்கள் கொம்பாறைப் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வழியை மட்டும் அங்கே படிக்கிறவர்களிடம் கேட்டுவிடாதீர்கள்.

அங்கே படித்த பொய்யாமொழிக்கு அந்த வருஷம் ஒரே கவலை. கள ஆய்வில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தான். மூன்றாம் முறையும் போனால் பெயரையே அடித்துவிடுவார்கள். ஊரிலோ அவன் அப்பா, 'பொய்யாமொழி, வள நிபுணர்' என்று வாசலில் பலகை மாட்டி, அதற்குத் தினமும் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை பேராசிரியர் வைரக்கண்ணு அவனையும் சேசுராசுவையும் மதுரவல்லியையும் கூப்பிட்டார். "நரிப்பாறைக் கண்மாயில எவ்வளவு தண்ணி இருக்குன்னு அளந்து அறிக்கை எழுதுங்க. வெள்ளிக்கிழமை நானே வருவேன். கண்ணால பார்த்து உத்தேசமா எழுதினா ஃபெயில். எண்ணினதையே திரும்ப எண்ணினா ஃபெயில். உங்க ஆய்வால ஒரு சொட்டுக் குறைஞ்சாலும் ஃபெயில்."

மூவரும் ஒரு வாளியோடு போய்க் கண்மாய்க் கரையில் நின்றார்கள். அந்தக் கரையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரைப் பனைமரங்கள் பல்குச்சி மாதிரி தெரியும். அவ்வளவு தண்ணீர்.

பொய்யாமொழி ஒரு வாளி மொண்டு, "ஒண்ணு" என்றான். மொண்டவன் வாளியைத் தூக்கியபடியே நின்றான்.

"கீழே ஊத்துடா" என்றான் சேசுராசு.

"வெளியே ஊத்தினா வளம் குறையும். உள்ளே ஊத்தினா எண்ணினது எண்ணாததோட கலந்துடும். ரெண்டும் ஃபெயில்."

பன்னிரண்டு மணிவரை யோசித்தார்கள். வாளி கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மதுரவல்லிதான் சொன்னாள்: "எங்க வீட்டுல கோழிக்கெல்லாம் சாயம் தடவித்தான் அடையாளம் வைப்போம். எண்ணின தண்ணிக்கும் ஒரு அடையாளம் வச்சா என்ன?"

அடடா, படிப்பு என்றால் அது படிப்பு! கடைக்கு ஓடி மஞ்சள்தூள் வாங்கி வந்தார்கள். ஒரு வாளி மொள்ளுவது, எண்ணுவது, ஒரு கை மஞ்சளைக் கலப்பது, திரும்ப அங்கேயே ஊற்றுவது. மஞ்சளாக வந்தால் அது எண்ணிய தண்ணீர், விட்டுவிட வேண்டியது.

முந்நூற்று நாற்பத்திரண்டாம் வாளிக்குப் பிறகு, நின்ற இடத்தைச் சுற்றி எங்கே மொண்டாலும் மஞ்சளாகவே வந்தது.

"முடிஞ்சது! எல்லாத் தண்ணியையும் எண்ணியாச்சு" என்று பொய்யாமொழி குதித்தான். கண்மாய் மொத்தம் முந்நூற்று நாற்பத்திரண்டு வாளி என்று அறிக்கையில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டான்.

மறுநாள் காலை உள்ளூர்க்காரர் கருத்தமுத்து தன் ஐம்பது எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"பெரியவரே, ஒரு எருமை எவ்வளவு குடிக்கும்?" என்று கேட்டான் பொய்யாமொழி.

"தெனம் ஒரு வேளை, ரெண்டு வாளி குடிக்கும் தம்பி."

பொய்யாமொழி விரல்விட்டு எண்ணினான். ஒரு நாளைக்கு நூறு வாளி! பேராசிரியர் வருவதற்குள் காட்டுவதற்குக் கண்மாயே இருக்காதே! ஓடிப்போய் முன்னால் வந்த எருமையைக் கைகளை விரித்து மறித்தான்.

"அய்யா படிச்ச ராசா, எருமைக்கு உன் சட்டம் தெரியாது. ஒதுங்கிக்க" என்றார் கருத்தமுத்து. எருமையும் அதையே சொல்லாமல் செய்தது. பொய்யாமொழி சேற்றிலிருந்து எழுந்தபோது ஐம்பதும் குடித்து முடித்திருந்தன.

செவ்வாய் நூறு, புதன் நூறு, வியாழன் நூறு. மிச்சம் நாற்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை காலை இருபத்தோரு எருமைகள் குடித்ததும் கணக்குப்படி கண்மாய் காலி.

"அப்ப மீதி இருபத்தொன்பதும் என்னத்தைக் குடிச்சது?" என்றான் சேசுராசு.

"வந்த பழக்கத்துக்கு வாயை அசைச்சிட்டுப் போயிருக்கும்" என்றான் பொய்யாமொழி.

"எதிர்ல பளபளன்னு தெரியுதே, அது?"

"கண்ணால பார்த்து எழுதினா ஃபெயில்னு சார் சொன்னாரா இல்லையா? கண்ணு எருமைக்குக்கூட இருக்கு. கணக்கு நமக்குத்தானே இருக்கு?" என்றாள் மதுரவல்லி.

அதற்கு மேல் யார் வாதாட முடியும்? 'கண்மாய் வற்றிவிட்டது' என்று எழுதி முடித்தார்கள்.

பேராசிரியர் காரை விட்டு இறங்கியதுமே அறிக்கையை வாங்கி மூக்கோடு ஒட்டிவைத்துப் படிக்க ஆரம்பித்தார். "பிரமாதம்! வற்றிப்போச்சா? அப்படின்னா நடுக்கண்மாய்ல போய் ஒரு பிடி மண் எடுத்துட்டு வந்துடறேன்" என்று, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கரையிறங்கி நடந்தார். மூன்றாம் பக்கம் வரும்போது இடுப்பளவு. ஐந்தாம் பக்கத்தில் கழுத்தளவு.

"டேய்! தண்ணிடா! கையக் கொடு!"

பொய்யாமொழிக்கு, அப்பா சூடம் காட்டிய பலகை கண்முன்னே வந்து நின்றது. "சார், தண்ணி இருக்குங்கிறீங்களா, இல்லைங்கிறீங்களா? இருக்குன்னா அறிக்கை தப்பு, நான் ஃபெயில். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்!"

தண்ணீர் பேராசிரியரின் மோவாயைத் தொட்டது.

"இல்லடா! சொட்டுத் தண்ணி இல்ல! நீ பாஸ்! மூணு பேரும் பாஸ்! கையக் கொடுடா பாவி!"

மூவரும் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். பிறகு சேசுராசு கேட்டான்: "தண்ணிதான் இல்லேன்னுட்டாரே, அப்புறம் கை எதுக்கு?"

"பாராட்டிக் கை குலுக்கத்தான் கேட்கிறாரு. மேல வந்ததும் குடுத்துக்கலாம்" என்றாள் மதுரவல்லி.

கடைசியில் கருத்தமுத்துதான் ஒரு எருமையை உள்ளே இறக்கி, அதன் வாலைப் பிடிக்கச் சொல்லிப் பேராசிரியரைக் கரையேற்றினார். பொய்யாமொழி துண்டோடு ஓடிப்போய் அவர் தலையைத் துவட்டினான். "காய்ஞ்ச கண்மாய்ல இந்த வெயில்ல நடந்தா வேர்க்காதா சார்?"

வாயைத் திறக்கப் போன பேராசிரியரின் சட்டைப் பையிலிருந்து ஒரு கெண்டை மீன் துள்ளிக் கரையில் விழுந்தது. விழுந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பார்த்தீங்களா சார்," என்றான் பொய்யாமொழி. "பாவம், தண்ணியில்லாமத் துடிக்குது. நம்ம அறிக்கை எவ்வளவு சரி!"